எழுத்தில் இல்லாத உத்தரவு: முந்த்ரா விவகாரமும் நிதியமைச்சர் நாற்காலியும்

1957 ஜூன் கடைசி வாரத்தில் ஆயுள் காப்பீட்டுக் கழகம், அதாவது எல்.ஐ.சி., ஆறு கம்பெனிகளின் பங்குகளை ஒரே மூச்சில் வாங்கியது. ரிச்சர்ட்சன் குருடாஸ், ஜெஸ்ஸாப், ஸ்மித் ஸ்டானிஸ்ட்ரீட், ஆஸ்லர் லாம்ப்ஸ், ஏஞ்சலோ பிரதர்ஸ், பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷன். ஆறுமே கல்கத்தாவைச் சேர்ந்த ஹரிதாஸ் முந்த்ரா என்ற ஒரே ஆளின் பிடியில் இருந்தவை. கொடுத்த தொகை சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய். கழகத்துக்கு அரசு போட்ட மூலதனமே 5 கோடிதான் என்பதை வைத்துப் பார்த்தால் இது எத்தனை பெரிய தொகை என்று புரியும்.

எட்டு மாதம் கழித்து இந்தியாவின் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய நிதி ஊழல் என்று இதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அரசுக் கணக்குப் பிரிவில் முப்பது வருஷம் குப்பை கொட்டிய எனக்கு இதில் பணத்தைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. வாங்கச் சொன்னது யார் என்ற கேள்விக்கு ஓர் உத்தரவுக் காகிதம் இல்லை. அமைச்சர் ஒன்று சொன்னார், செயலாளர் வேறொன்று சொன்னார், கழகத்தின் தலைவர் மூன்றாவதாக ஒன்று சொன்னார். நிதியமைச்சர் அலுவலகம் என்றால் என்ன, அதன் அதிகாரம் எந்த வழியாக இறங்குகிறது, பழி எந்த வழியாக ஏறுகிறது என்பதை இந்த ஒரு வழக்கு காட்டுகிற அளவுக்கு வேறெதுவும் காட்டாது.

நாற்காலி வந்த வழி

இந்த நாற்காலிக்கு வயது அதிகம். 1857 கிளர்ச்சிக்குப் பின் கஜானா காலியாகி, கடன் ஏறியிருந்த நேரத்தில் வைஸ்ராயின் சபைக்கு நிதி உறுப்பினராக ஜேம்ஸ் வில்சனை லண்டனிலிருந்து அனுப்பினார்கள். 1860இல் அவர் இந்தியாவின் முதல் பட்ஜெட்டைப் போட்டார், வருமான வரியையும் கொண்டுவந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் கல்கத்தாவிலேயே வயிற்றுக்கடுப்பில் இறந்துபோனார்.

அந்த நாற்காலிக்கு எவ்வளவு பலம் என்பதை காங்கிரஸ் தலைவர்கள் 1946இல்தான் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். இடைக்கால அரசில் உள்துறையை வல்லபாய் பட்டேல் வைத்துக்கொள்ள, நிதி முஸ்லிம் லீகின் லியாகத் அலி கானுக்குப் போனது. எந்தத் துறை எந்தச் செலவு கேட்டாலும் நிதித்துறையின் ஒப்புதல் வேண்டும். ஒரு கடைநிலை ஊழியரை நியமிப்பதற்குக்கூட லியாகத்திடம் போய் நிற்க வேண்டியிருந்தது என்று அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்வார்கள். கருவூலத்தில் வேலை பார்த்த யாருக்கும் இது ஆச்சரியம் தராது. சாவி வைத்திருப்பவரிடம்தானே எல்லோரும் வர வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பிறகு முதலில் உட்கார்ந்தவர் கோயம்புத்தூரின் ஆர்.கே. சண்முகம் செட்டியார். 1947 நவம்பர் 26 அன்று அவர் வைத்த முதல் பட்ஜெட் ஏழரை மாதத்துக்கானது: வரவு 171.15 கோடி, செலவு 197.39 கோடி, அதில் ராணுவத்துக்கு மட்டும் 92.74 கோடி. பிரிவினையும் அகதிகளும் காஷ்மீரும் அந்த எண்களுக்குள் இருக்கின்றன. ஒரு வருஷத்துக்குள்ளேயே அவர் விலகினார். வரி ஏய்ப்பு விசாரணைக்கு அனுப்ப வேண்டிய பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்டதே காரணம். அடுத்து வந்த ஜான் மத்தாய் திட்டக் குழுவோடு ஒத்துப்போகாமல் 1950இல் விலகினார். சி.டி. தேஷ்முக் பம்பாய் நகரத்தை மகாராஷ்டிரத்தோடு சேர்க்காததை எதிர்த்து 1956இல் விலகினார். பத்து வருஷத்துக்குள் மூன்று பேர். நான்காவதாக 1956 ஆகஸ்ட் கடைசியில் வந்தவர்தான் நம் கதையின் டி.டி. கிருஷ்ணமாச்சாரி.

டி.டி.கே. சாதாரண ஆள் இல்லை. சென்னையில் லீவர் கம்பெனியின் சரக்குகளை விற்பனை செய்து வியாபாரம் படித்தவர். அரசியல் சாசன வரைவுக் குழுவில் உறுப்பினராக இருந்தவர். பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் கால்டரின் யோசனையை ஏற்று 1957 பட்ஜெட்டில் சொத்து வரியையும் செலவு வரியையும் துணிந்து கொண்டுவந்தவர். வேகம், கூர்மை, பொறுமையின்மை மூன்றும் அவரிடம் ஒன்றாக இருந்தன. பொறுப்பேற்ற சில மாதத்திலேயே ரிசர்வ் வங்கி கவர்னர் பெனகல் ராமராவோடு மோதினார். உண்டியல்கள், அதாவது வணிகக் கடன் பத்திரங்கள் மீதான முத்திரைத் தீர்வையை டி.டி.கே. உயர்த்தியதால் வட்டி விகிதமே மறைமுகமாக ஏறியது. வட்டி எங்கள் வேலை, எங்களைக் கேட்காமல் எப்படி என்றார் ராமராவ். ரிசர்வ் வங்கி நிதியமைச்சகத்தின் ஒரு பிரிவு என்பது டி.டி.கே.யின் நிலை. நேரு அமைச்சரின் பக்கம் நின்றார். ஏழரை வருஷம் கவர்னராக இருந்த ராமராவ் 1957 ஜனவரியில் விலகினார்.

முந்த்ரா விவகாரத்தைப் பேசுகிறவர்கள் இந்தச் சம்பவத்தைத் தனியாக வைத்துவிடுகிறார்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். ரிசர்வ் வங்கியே ஒரு பிரிவு என்றால், புதிதாகப் பிறந்த எல்.ஐ.சி. எந்த மூலைக்கு? அமைச்சகத்திலிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும், காகிதம் எதற்கு என்ற நினைப்பு அந்த ஜனவரியிலேயே கட்டிடத்துக்குள் பரவியிருக்கும்.

எல்.ஐ.சி. ஏன் பிறந்தது

இதை மறந்தால் வழக்கின் கசப்பு விளங்காது. தனியார் காப்பீட்டுக் கம்பெனிகளை நடத்தியவர்கள் பாலிசிதாரர்களின் பணத்தைத் தங்கள் சொந்த வியாபாரங்களுக்குத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். தொழிலதிபர் டால்மியாவின் பாரத் இன்சூரன்ஸ் கம்பெனியில் நடந்ததை 1955 டிசம்பரில் மக்களவையில் பிரித்து வைத்தவர் ரேபரேலி உறுப்பினர் பெரோஸ் காந்தி. 1956 ஜனவரி 19 இரவு தேஷ்முக் வானொலியில் நாட்டுடைமையை அறிவித்தார். 245 காப்பீட்டு நிறுவனங்களும் சேம நிதிச் சங்கங்களும் ஒன்றாகி, 1956 செப்டம்பர் 1 அன்று எல்.ஐ.சி. உருவானது. சென்னை மவுண்ட் ரோடில் இன்றும் நிற்கிற 14 மாடிக் கட்டிடமே, யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனம் தனக்கென்று கட்டத் தொடங்கி, பாதியில் எல்.ஐ.சி. கைக்கு வந்ததுதான்.

சட்டம் எழுதியவர்கள் ஆபத்தை அறிந்தே எழுதினார்கள். முதலீட்டைப் பார்க்க ஒரு முதலீட்டுக் குழு. அரசுக்குத் தலையிடும் உரிமை உண்டு, ஆனால் அதற்கு வரம்பு உண்டு. 21ஆவது பிரிவு இதைச் சொல்கிறது: பொது நலன் சார்ந்த கொள்கை விஷயங்களில் மத்திய அரசு கழகத்துக்குக் கட்டளை தரலாம், அது எழுத்தில் இருக்க வேண்டும். எழுத்தில் என்ற அந்த ஒரு சொல்லைப் பாருங்கள். எழுதிக் கொடுக்கும்போது காரணம் சொல்ல வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும், நாளை யாராவது கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டும். வரப்போகிற வினைக்கு முன்கூட்டியே போட்ட வேலி அது. பத்து மாதத்துக்குள் வேலியைத் தாண்டிவிட்டார்கள்.

ஜூன் மாதத்தில் நடந்தது

முந்த்ரா மின்விளக்கு விற்பனையில் தொடங்கி, பங்குச் சந்தை சூதாட்டத்தில் ஏறி, பழைய வெள்ளைக்காரக் கம்பெனிகளை ஒவ்வொன்றாகப் பிடித்தவர். கடன் வாங்கிப் பங்கு, பங்கை அடகு வைத்து மறுபடி கடன் என்று அடுக்கிக்கொண்டு போனார். 1957 நடுவில் அடுக்கு ஆடத் தொடங்கியது. கல்கத்தா சந்தையில் அவருடைய பங்குகள் சரிந்தால் சந்தையே சரியும் என்று பேச்சு கிளம்பியது. கல்கத்தாவுக்குப் போயிருந்த நிதியமைச்சரின் காதுக்கும் அது எட்டியது.

பிறகு இடம் பம்பாய்க்கு மாறுகிறது. அமைச்சர், முதன்மை நிதிச் செயலாளர் எச்.எம். பட்டேல், ராமராவுக்குப் பின் வந்த ரிசர்வ் வங்கி கவர்னர் எச்.வி.ஆர். ஐயங்கார், ஸ்டேட் வங்கித் தலைவர் பி.சி. பட்டாச்சாரியா, எல்.ஐ.சி. தலைவர் ஜி.ஆர். காமத் எல்லோரும் அந்த நாட்களில் பம்பாயில் இருந்தார்கள். முந்த்ராவும் வந்தார். பட்டேலைப் பார்த்தார், தன் கஷ்டத்தையும் தன் யோசனையையும் கடிதமாகவே கொடுத்தார். கவனியுங்கள், உதவி கேட்டவர் எழுதிக் கொடுத்தார். உதவி செய்யச் சொன்னவர்கள் எழுதிக் கொடுக்கவில்லை. இரண்டொரு நாளில் பேரம் முடிந்தது. முதலீட்டுக் குழுவைக் கூட்டவில்லை. சில பங்குகளுக்குச் சந்தையில் ஓடிய விலையைவிட அதிகம் கொடுக்கப்பட்டது. பேரம் நடந்த அந்தச் சில நாட்களிலேயே கல்கத்தாவில் விலை தூக்கிவிடப்பட்டதும் பின்னால் வெளிவந்தது.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஒரு மார்ச் 31 மாலை, மேலிடத்திலிருந்து போன். ஒரு பெரிய பட்டியலை, அதாவது பில்லை, உடனே பாஸ் பண்ணச் சொன்னார்கள். ஒப்புதல் ஆணை இணைக்கப்படவில்லை. "பாஸ் பண்ணிடுங்க, ஆர்டர் பின்னாடி வரும்." இந்த வாக்கியத்தைக் கேட்காத கணக்குக்காரர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. நான் பச்சை நோட்ஷீட்டை இழுத்து, "இன்று மாலை 5.40க்குத் தொலைபேசியில் அறிவுறுத்தப்பட்டபடி" என்று தொடங்கி மூன்று வரி எழுதி, கீழே தேதியோடு கையெழுத்துப் போட்டு, அந்தக் கோப்பையே அவருடைய பார்வைக்கு மேலே அனுப்பினேன். அரை மணி நேரத்தில் மறுபடி போன். பட்டியலைத் திருப்பி அனுப்பிவிடச் சொன்னார்கள். அந்த அதிகாரி பிறகு வெகு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆர்டர் கடைசி வரை வரவும் இல்லை. வாயால் சொல்லும்போது நியாயமாகத் தெரிந்த காரியம், எழுதிப் பார்த்ததும் சொன்னவருக்கே நியாயமாகத் தெரியவில்லை. 1957 ஜூனில் பம்பாயில் காமத் மூன்று வரி எழுதி அமைச்சகத்துக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு.

மக்களவையும் விசாரணையும்

செய்தி கசிந்தது. மக்களவை உறுப்பினர் ராம் சுபக் சிங் கேள்வி எழுப்பினார். அரசின் பதில்கள் நழுவின. 1957 டிசம்பர் 16 அன்று பெரோஸ் காந்தி எழுந்தார். நாட்டுடைமைக்கு வழி திறந்த அதே உறுப்பினர், பிரதமரின் மருமகன், ஆளும் கட்சிக்காரர். பங்குகளின் விலைப்பட்டியலைத் தேதி வாரியாக வைத்துக்கொண்டு பேசினார். இந்தத் தேதியில் இந்த விலை, மறுநாள் ஏன் அந்த விலை என்று கேட்டார். அவையில் பதில் இல்லை. ஒரு வருஷத்துக்கு முன் தனியார் முதலாளிகள் பாலிசிதாரரின் பணத்தைத் தின்றார்கள் என்று சொல்லித்தான் இந்தக் கழகத்தை அமைத்தார்கள். அதே பணம் இப்போது அரசு வழியாகவே ஒரு முதலாளியைத் தூக்கி நிறுத்தப் போயிருந்தது.

பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்லாவை ஒரு நபர் ஆணையமாக அரசு நியமித்தது. அவர் விசாரணையைப் பொதுமக்கள் முன்னிலையில் நடத்தினார். கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி கட்ட வேண்டி வந்தது. நாட்டின் நிதியமைச்சர், ரிசர்வ் வங்கி கவர்னர், நிதிச் செயலாளர் என்று ஒவ்வொருவராகச் சாட்சி சொன்னதை ஜனங்கள் நின்று கேட்டார்கள். இன்று நடக்கிற விசாரணைகளைப் பார்க்கும்போது அந்த வேகத்தை நினைத்து எனக்கு ஏக்கமாக இருக்கிறது. 1958 ஜனவரியில் தொடங்கியது, பிப்ரவரி 10 அன்று அறிக்கை வந்துவிட்டது.

தான் ஒப்புதல் தரவில்லை என்பது டி.டி.கே.யின் வாக்குமூலம். அமைச்சருக்குச் சொல்லித்தான் செய்தேன் என்பது பட்டேலின் வாக்குமூலம். அரசு விரும்புகிறது என்று எடுத்துக்கொண்டு செய்தோம் என்பது கழகத்தின் நிலை. சந்தையைக் காப்பாற்றத்தான் வாங்கினோம் என்ற வாதமும் வந்தது. சாக்லா தரகர்களைக் கூப்பிட்டுக் கேட்டார். வாங்கியதால் சந்தைக்கு எந்தத் தெம்பும் வரவில்லை, தெம்பு வந்தது முந்த்ராவுக்கு மட்டும்தான் என்று தெரிந்தது.

யார் சொல்வது உண்மை என்பதில் மட்டும் சாக்லா நின்றிருந்தால் இந்த அறிக்கையை இன்று யாரும் நினைவு வைத்திருக்க மாட்டார்கள். செயலாளர் செய்த காரியத்துக்கு அமைச்சர்தான் அரசியல் சாசனப்படி பொறுப்பு என்று அவர் தீர்மானித்தார். தன் செயலாளரைக் கைகாட்டிவிட்டு அமைச்சர் ஒதுங்க முடியாது. விஷயம் தெரிந்த பிறகும் டி.டி.கே. அதை மறுத்து நிறுத்தவில்லை என்பதையும் கணக்கில் எடுத்தார்.

டி.டி.கே.யின் மேல் எனக்கு இரக்கம் உண்டு. அவர் ஒரு காசு எடுத்தார் என்று யாரும் சொல்லவில்லை. நேருவே மனம் இல்லாமல்தான் ராஜினாமாவை ஏற்றார். ஆனால் இரக்கம் வேறு, பொறுப்பு வேறு. நிதியமைச்சரின் பெயரில் தினமும் நூற்றுக்கணக்கான முடிவுகள் அவர் பார்வைக்கே வராமல் போகின்றன. அந்த முடிவுகளுக்கு மக்களவையில் எழுந்து பதில் சொல்கிற ஒருவர் வேண்டும். செயலாளர் மக்களவைக்கு வர முடியாது, எல்.ஐ.சி. தலைவர் வர முடியாது. அமைச்சரும் "எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டால் ஐந்து ரூபாய் பிரீமியம் கட்டியவன் யாரிடம் போய்க் கேட்பான்? அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பு என்று அரசியல் சாசனத்தின் 75ஆவது பிரிவில் எழுதியிருப்பதற்கு நடைமுறையில் இதுதான் அர்த்தம். இந்த இடத்தில் சாக்லாவை நான் முழு மனதோடு ஏற்கிறேன்.

அறிக்கையின் கடைசியில் அவர் வைத்த யோசனைகள் எளிமையானவை. தன்னாட்சிக் கழகத்தில் அரசு தலையிடக் கூடாது, தலையிட நினைத்தால் எழுத்தில் கட்டளை தர வேண்டும். கழகத்தின் தலைவர் வணிகமும் முதலீடும் தெரிந்தவராக இருக்க வேண்டும். பாலிசிதாரரின் பணம் பாலிசிதாரரின் நன்மைக்கே. முக்கியமான எதையும் அமைச்சர் முதல் வாய்ப்பிலேயே நாடாளுமன்றத்திடம் சொல்லிவிட வேண்டும். இதில் புதிதாக எதுவும் இல்லை, பெரும்பகுதி சட்டத்திலேயே இருந்தது. இருந்ததை மதிக்கவில்லை என்பதற்குத்தான் ஓர் ஆணையமே தேவைப்பட்டது.

பிறகு

டி.டி.கே. விலகியபோது பட்ஜெட்டுக்குச் சுமார் இரண்டு வாரம்தான் இருந்தது. 1958 பிப்ரவரி 28 அன்று பிரதமர் நேருவே நிதியமைச்சராக எழுந்து பட்ஜெட்டை வாசித்தார், நன்கொடை வரி அதில்தான் வந்தது. மார்ச்சில் மொரார்ஜி தேசாய் வந்தார். முந்த்ரா கைதாகிச் சிறைக்குப் போனார். டி.டி.கே. 1962இல் அமைச்சரவைக்குத் திரும்பி, 1963இல் மறுபடி நிதியமைச்சரானார். 1965 கடைசியில், தன்மேல் வந்த புகார்களை விசாரிக்கலாம் என்று பிரதமர் சாஸ்திரி நினைத்தபோது, இரண்டாம் முறையாக விலகினார். மொரார்ஜியிடமிருந்து 1969 ஜூலையில் இந்திரா காந்தி நிதித்துறையைப் பறித்தார், மூன்று நாளில் 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. அந்த நாற்காலி யாரையும் நிம்மதியாக உட்கார விட்டதில்லை.

சாக்லா தேடிய காகிதம் அரசு அலுவலகங்களுக்கு வரப் பல காலம் ஆனது. மேலதிகாரியின் கட்டளை சாதாரணமாக எழுத்தில் இருக்க வேண்டும், அவசரத்தில் வாயால் சொன்னால் உடனே எழுதி உறுதி செய்ய வேண்டும் என்று 1968ஆம் ஆண்டின் அகில இந்தியப் பணி நடத்தை விதிகள் சொல்கின்றன. அதையும் மதிக்காத நிலையில் முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் உச்ச நீதிமன்றம் போனார். 2013 அக்டோபர் 31 அன்று, வாய்மொழி உத்தரவின் பேரில் அதிகாரிகள் செயல்படக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. முந்த்ராவுக்கு 56 வருஷம் பின்னால்.

எச்.எம். பட்டேல் பணியை விட்டுப் போய் குஜராத்தில் வல்லப் வித்யாநகரின் கல்வி நிறுவனங்களுக்கு உழைத்தார். அவர் கதை அதோடு முடியவில்லை. 1977 மார்ச்சில் ஜனதா அரசு வந்தபோது, பிரதமர் மொரார்ஜி அவரை நிதியமைச்சராக்கினார். அமைச்சரா செயலாளரா என்று இருபது வருஷத்துக்கு முன் பம்பாய் விசாரணையில் எந்த நாற்காலியைப் பற்றி வாதம் நடந்ததோ, அதே நாற்காலி.

என் அப்பா 1957இல் இருபது வருஷத்துக்கு ஒரு பாலிசி எடுத்திருந்தார். பத்திரத்தின் மேலே, விளக்கை இரண்டு கைகள் அணைத்துக் காக்கும் அந்த முத்திரை. தகரப் பெட்டியில் பிரீமியம் ரசீதுகளைக் கம்பியில் கோத்து வைத்திருந்தார், அதில் ஒன்று 1958 பிப்ரவரித் தேதியிட்டது. பேப்பரில் முந்த்ரா செய்தி வந்துகொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் பணத்தைக் கட்டாதே என்று சொல்லியும், சைக்கிளில் போய்க் கட்டிவிட்டு வந்தாராம். பாலிசி 1977இல் முதிர்ந்தது. பட்டேல் நிதியமைச்சராக இருந்த வருஷம். 2,000 ரூபாயும் போனஸும் காசோலையாக வந்தன. அக்காவின் கல்யாணப் பந்தலுக்கு முன்பணம் அதிலிருந்துதான் போனது.